தீர்த்தமாடிய பிறகு

கேள்வி: ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடி, தரிசனமும் முடிந்தாயிற்று. அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகி, மதுரை

பதில்: தலையைத் துவட்டிக்கொண்டு மறுபடி கோயிலுக்குள்ளேயே போங்கள்! வரிசையைப் பிடிக்க ஓடிய அவசரத்தில் சேதுபதிகளின் மூன்றாம் பிரகாரத்தை எங்கே பார்த்திருப்பீர்கள்? ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள். நிதானமாக நடக்க வேண்டிய இடம்.

அடுத்து தனுஷ்கோடி. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையில் ரயிலேறியவர்கள் இங்கே கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி, கொழும்புக்கு மறுபடி ரயில் பிடித்தார்கள். 1964 டிசம்பர் புயல் ஊரையும், வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் பயணிகளோடு விழுங்கிவிட்டது. மாதா கோயிலின் பவளக்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. இங்கிலாந்தின் பிரைட்டனில், கடலுக்குள் எரிந்துபோன பழைய உலாமேடையின் வெறும் இரும்புக்கூட்டைக்கூட ஆசையாகப் பார்க்கிறார்கள். நாமோ இந்தச் சுவரில் காதலி பெயரைக் கீறுகிறோம். அந்தப் பெண்ணுக்காகவாவது வேண்டாமே!

திரும்பும்போது ராமநாதபுரத்தில் இறங்கி ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போங்கள். சுவரெல்லாம் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள்: ராமாயணம், மராட்டியரோடு போர், ஐரோப்பியரை வரவேற்கும் சேதுபதி. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பாருங்கள். மதுரைக்கு ராத்திரியும் பஸ் உண்டு.