நடுப்புள்ளி

கணக்கு நோட்டில் வட்டம் போட்ட தாளைத் திருப்பினால், அடுத்த இரண்டு மூன்று பக்கங்களிலும் நடுவில் ஊசித் துளை தெரியும். உங்கள் நோட்டிலும் இருந்திருக்கும். காம்பஸ் முள்ளை அழுத்தி ஊன்றி, பென்சில் நழுவாமல் ஒரு சுற்று சுற்றி, கோணமானியை வைத்து 72 டிகிரிக்கு ஒரு புள்ளி, அங்கிருந்து இன்னொரு 72 என்று வட்டத்தையே சுற்றிவந்து, ஐந்து புள்ளிகளையும் ஸ்கேலால் சேர்த்தால் ஐங்கோணம். கடைசிக் கோடு பிசகாமல் முதல் புள்ளியில் வந்து சேர்ந்த நாளில், அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிற்பாடு கணக்குப் புத்தகங்களை லேடெக்கில் அச்சுக்கோக்கும் வேலைக்கு வந்தபோது, கையிலிருந்த கோணம் பறிபோனது. பழைய பிக்சர் கட்டளைகளில் கோட்டின் சாய்வை 6-ஐத் தாண்டாத முழு எண்களால்தான் சொல்ல முடியும். 72 டிகிரிக்குக் கிட்டத்தில் கிடைப்பது 71.57தான். இழுத்த ஆரம் முனையை மயிரிழையில் தவறவிடும். ஆகவே கால்குலேட்டரும் துண்டுச் சீட்டுமாக உட்கார்ந்து, 3 சென்டிமீட்டர் ஆரத்துக்கு காஸ் 72 போட்டு 0.927, சைன் போட்டு 2.853, அடுத்த முனைக்கு மைனஸ் 2.427, 1.763 என்று எழுதி எழுதிப் புள்ளிகளைக் கொடுத்தேன். படம் வந்தது, ஆனால் அந்த எண்களைப் பார்த்து யாரும் ஐங்கோணம் என்று சொல்லிவிட முடியாது.

டில் டன்டாவ் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டின் படங்களுக்காக எழுதத் தொடங்கிய நிரல் வளர்ந்து, லேடெக்கில் படம் வரையும் டிக்ஸ் ஆனது. அதில் முதன்முதலாக (72:3) என்று அடித்த மாலை நன்றாக நினைவிருக்கிறது. முதலில் கோணம், முக்காற்புள்ளி, பிறகு தூரம். வலப்பக்கத்திலிருந்து இடஞ்சுழியாகத் திரும்பு, இவ்வளவு தள்ளிப் போ. கோணமானியும் காம்பஸும் செய்த வேலையேதான்! 90, 234, 18, 162, 306 என்று ஒரு முனை விட்டு ஒரு முனையாகச் சேர்த்தேன், நட்சத்திரம் வந்து நின்றது. எண்களே படத்தைச் சொல்லின.

ஒரு பொழுது முழுக்கப் பிடித்த படம் இப்போது ஒரு வரியில் முடிகிறது, கடைசிக் கோடு தவறுவதே இல்லை. அந்தத் துளைதான் இல்லை. வரையும்போது (0,0)-இல் சின்னதாக ஒரு கரும்புள்ளி வைத்துக்கொள்வேன். அச்சுக்கு அனுப்பும் முன் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். சில படங்களில் எடுக்க மனசு வருவதில்லை.