பத்துக்கு ஒன்பது

டெக்சாஸில் அரசுப் பள்ளிப் படிப்பு இலவசம். பக்கத்தில் ஒரு வீடு மட்டும் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

டல்லாஸ் புறநகரில் வீடு தேடும் பெற்றோர் கூரை ஒழுகினாலும் பெரிய மனது பண்ணி மன்னிக்கிறார்கள். விளம்பரத்தின் அடியில், அந்த வட்டாரப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஓர் எண் இருக்கும். அது 9 என்றால் வாஸ்துவும் வாயை மூடிக்கொள்ளும். தெருவுக்கு இந்தப் பக்கம் 9, அந்தப் பக்கம் 5. அறிவுக்குச் சாலையைக் கடக்கத் தெரியாது போலும்.

பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்து வரி. ஏழை வட்டாரத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைச்சல் என்று சான் அன்டோனியோ பெற்றோர் வழக்காடிப் பார்த்தார்கள். கல்வி, அரசியல் சாசனம் காக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த ஐந்தாவது நீதிபதிக்கு வீட்டுத் தரகர்கள் இன்னும் சிலை வைக்காதது நன்றிகெட்டதனம்.

ஒரு சின்னச் சிக்கல். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்த அரசுப் பள்ளியானாலும் வகுப்பின் முதல் பத்து சதவீதத்தினருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேரடி இடம். (ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் வடிகட்டி இன்னும் பொடிசு.) 9 மதிப்பெண் பள்ளியிலோ, அத்தனை பிள்ளைகளும் இதே கணக்கோடு குடிவந்த வீட்டுப் பிள்ளைகள்.

விவரமான அப்பாக்கள் இப்போது தரகரிடம் குரலைத் தாழ்த்தி விசாரிக்கிறார்கள்: “அந்த 5 மதிப்பெண் பக்கம் ஏதாவது வருதா சார்?”

“வருது. ஆனா போட்டி ஜாஸ்தி, விலை கொஞ்சம் ஏறியிருக்கு.”