பொன்னாடை அண்ணன்

புந்தோங் ஒட்டுக்கடையில் ஒரு தே தாரேக் ஆறுவதற்குள் மூன்று பேரைத் தலைவராக்கிவிடுவார் அண்ணன். கோயில் உபயக்காரர், பெற்றோர் சங்கப் பொருளாளர், லோரி வாடகைக்கு விடுபவர், யார் வந்தாலும் "வாங்க தலைவரே, பசியாறியாச்சா?"தான். பட்டத்துக்கு ஆசைப்படுகிறவர் என்று காதில் விழுந்தால் போதும், அரண்மனையை முந்திக்கொண்டு இவரே "டத்தோ" என்று கூப்பிட்டுவிடுவார். மோட்டார் சைக்கிள் கூடையில் எந்நேரமும் உறை பிரிக்காத பொன்னாடை இரண்டு இருக்கும். ஒன்று பிரமுகருக்கு; மற்றது அந்தப் பிரமுகரைத் தேர்தலில் தோற்கடிக்கப் போகிறவருக்கு.

மலாயில் இதைப் 'போடெக்' என்பார்கள். நமக்குக் காக்காய் பிடித்தல். அண்ணனோ, "இது மரியாதை தம்பி, ரப்பர் தோட்டத்திலேயே வந்தது" என்பார். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. விடியுமுன் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கங்காணியின் முகம் கோணினால், அன்றைக்கு அண்ணனின் தாத்தாவுக்குக் கிடைப்பது பால் வற்றிய கிழட்டு மரங்கள்தாம். மீசையைப் புகழ்ந்தால் நல்ல நிரை கிடைக்கும்.

யாராவது கிண்டல் செய்தால் அண்ணன் பத்து காஜா ஊர்க் கதையை இழுப்பார். கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை 1915இல் அங்கே மாளிகை எழுப்பத் தொடங்கினார். விஷக்காய்ச்சலில் ஆட்கள் மடிய, மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டுமென்று கேட்டார்களாம், துரை கட்டிக்கொடுத்தார். பதிலுக்கு நம்மவர்கள் கோயிலின் மேலே, சாமிகளின் வரிசையிலேயே, தொப்பி போட்ட ஒரு துரையை நிற்கவைத்துவிட்டார்கள். "அவங்க ஆளையே சாமியாக்கினாங்க. நான் வெறும் துணிதானே போர்த்துறேன்?"

எனக்கென்னவோ அந்தக் கூலிகள் அண்ணனைவிடக் கெட்டிக்காரர்கள் என்றுதான் படுகிறது. கோயில் கைக்கு வந்த பிறகே சிலை வைத்தார்கள். அண்ணனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. முதலில் பொன்னாடை, அப்புறம்தான் மனு. இவர் வீட்டு முச்சந்தி விளக்கு இன்னும் எரியவில்லை. துரை 1926இல் லிஸ்பனில் இறந்துபோனார், மாளிகை பாதியில் நின்றது. கோயிலில் மணி அடிக்கிறது.

போன மாதம் அண்ணனை அங்கே அழைத்துப் போனேன். அண்ணாந்து பார்த்தார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு குரலைத் தணித்து, "தலைவரே, இந்தத் தொப்பி உங்களுக்கு மட்டுந்தான் பொருந்தும்" என்றார். கை தானாகவே கூடையைத் தேடிப் போனது.