ஒரிஜினல்காரர்

பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் இளையராஜா பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கடை வாசலில் கிளாஸைக் கையில் பிடித்தபடி, கசாயம் குடித்த முகத்தோடு ஒருவர் நிற்பார். டீயில் குறை ஒன்றும் இல்லை. "ரீமாஸ்டர்" என்பார், யாரும் கேட்காமலே. தன்னைத்தான் கூப்பிடுகிறாரோ என்று டீ மாஸ்டர் திரும்பிப் பார்ப்பார். "ஒன்னச் சொல்லலப்பா. நீ ஒரிஜினல்."

மதுரையில் பேட்டைக்கு ஓர் ஒரிஜினல்காரர் உண்டு. எம்.எஸ்.சும் டி.எம்.எஸ்.சும் பிறந்த ஊர் இது. பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இங்கே யாரும் யாரிடமும் பட்டம் கேட்பதில்லை. மற்ற ரசிகர்கள் எது நல்ல பாட்டு என்று மல்லுக்கட்டுவார்கள். ஒரிஜினல்காரருக்கு அந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. எல்லாம் நல்ல பாட்டுதான். எதில் கேட்டாய் என்பதுதான் கேள்வி. போனில் கேட்டேன் என்றால் அனுதாபம். சிடி என்றால் ஒரு பெருமூச்சு. கேசட் என்றால், "டிடிகேயா, மெல்ட்ராக்கா?" என்று குறுக்கு விசாரணை. பிளேட்டு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் நாற்காலியை இழுத்துப் போடுவார். அன்றைக்கு நீங்கள் பஸ் பிடித்த மாதிரிதான்.

ஆசாமி ரிட்டயர் ஆனவர். வீட்டில் இருக்கிற ஒரே இரும்பு பீரோவில் பிளேட்டுகள் செங்குத்தாக நிற்கின்றன, படுக்கவைத்தால் வளைந்துவிடுமாம். வீட்டம்மாவின் பட்டுப்புடவைகள் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. அவை வளைந்தால் பரவாயில்லையாம்.

கொள்முதல் பெரும்பாலும் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். பழைய மிக்சி மோட்டாருக்கும் துருப்பிடித்த ஸ்பேனருக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து, பிளேட்டை உறையிலிருந்து உருவி, ஓரத்தை மட்டும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தாங்கிக்கொள்வார். பாட்டு முடிகிற இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையே ஒரு வழுவழுப்பான வளையம் இருக்கிறதல்லவா, அதில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதைப் படிக்கப் போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிளேட்டைச் சாய்ப்பார், நிமிர்த்துவார், மறுபடி சாய்ப்பார். எண்ணின் வாலில் ஒன்று என்று இருந்தால் முதல் அச்சு என்பது அவர் கணக்கு. டார்ச்சை வாயிலிருந்து எடுக்காமலே விலை கேட்பார். வியாபாரி லேசுப்பட்டவரா? "ஃபர்ஸ்ட் பிரெஸ்ஸிங் சார், டம்டம் ஃபேக்டரி சரக்கு" என்பார், முந்தின வாரம் இவரிடமே கற்றுக்கொண்டதை. அந்த இரண்டு வார்த்தைக்கு விலை இரண்டு மடங்கு ஆகியிருக்கும்.

அவர் பேச்சு முழுக்க அலப்பறை என்று தள்ளிவிடவும் முடியாது. அதுதான் சங்கடம். ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, இரண்டாவது தடவை சத்தத்தைச் சற்றே கூட்டி வைத்தால், இரண்டாவதுதான் தெளிவு என்று காது சத்தியம் பண்ணும். இந்தப் பலவீனம், பழைய பாட்டை மெருகேற்றி ரீமாஸ்டர் என்று விற்கிற கம்பெனிகளுக்குத் தெரிந்துபோனது. மெல்லிய இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களை அமுக்கி, மொத்தத்தையும் ஒரே மட்டத்தில் கத்தவிட்டார்கள். உலகம் முழுக்க நடந்த இந்தக் கூத்துக்கு லவுட்னெஸ் வார் என்று பெயர். 2008-ல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோது, இரைச்சல் தாங்காமல் ரசிகர்களே ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு, மறுபடி மாஸ்டர் செய்யச் சொன்னார்கள். பழைய பதிவின் இரைச்சலை நீக்குகிறேன் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அளவுக்கு மேல் சுரண்டினாலும் வம்புதான்; வீணைத் தந்தி அடங்கும்போது வருகிற கடைசி நாதமும் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும்.

"உடம்பு சுத்தமா இருக்கட்டும்னு தோல உரிச்சுட்டாய்ங்க" என்பார் ஒரிஜினல்காரர். இது வரைக்கும் நியாயம்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதை அவர் தொடமாட்டார். எல்.பி. பிளேட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றுகிறது. சுற்றும் வேகம் மாறுவதில்லை. வட்டம்தான் சிறுத்துக்கொண்டே போகிறது. வெளிவட்டத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், லேபிளை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர்தான் ஓடும். அதே வயலினையும் அதே தபேலாவையும் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி அடைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு கொஞ்சம் கரகரக்கும். போதாக்குறைக்கு, பழைய பிளேயர்களின் கனத்த ஊசி உழுதுவைத்த உழவு வேறு. இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னால், "அன்னிக்குப் பாடுனவருக்கு ஜலதோஷம்" என்பார்.

நிசப்தம் என்பது அவருக்குப் பிடித்த இன்னொரு விஷயம். "பிளேட்டுல ரெண்டு நோட்டுக்கு நடுவுல ஒரு நிசப்தம் வரும் பாரு" என்று விரலைத் தூக்குவார். அந்த நேரம் பார்த்துத் திருப்பரங்குன்றம் போகிற தனியார் பஸ் ஏர்ஹாரனை அழுத்தும். விரல் தூக்கியபடியே நிற்கும். பஸ் போனதும், "கேட்டியா?" என்பார். கேட்டோம்.

ஆடி மாதம் வந்தால் அவருக்கு வேலை அதிகம். அம்மன் கோயிலுக்குச் சவுண்ட் சர்வீஸ்காரர் கரண்ட் கம்பத்தில் ஒரே ஒரு குழாயைக் கட்டி எல்.ஆர்.ஈஸ்வரியை ஓடவிட்டிருப்பார். தெருவே சாமியாடும். ஒரிஜினல்காரர் மட்டும் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "ஒரிஜினல்ல உடுக்கை இடது பக்கத்துலருந்து வரும். இது நடுவுலருந்து வருது." இருக்கிறதே ஒரு குழாய், அதில் இடதேது, வலதேது? சவுண்ட் சர்வீஸ்காரர் சண்டைக்குப் போகிற ஆளில்லை. ஏணியில் ஏறிக் குழாயை இடது பக்கமாகத் திருப்பிவிட்டு, "இப்பப் பாருங்கண்ணே" என்பார். கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "பரவால்ல" என்பார் இவர்.

1964-ல் வந்த 'கர்ணன்' 2012-ல் மெருகேற்றப்பட்டுத் தியேட்டருக்குத் திரும்பியபோது ஊரே போய் அழுதுவிட்டு வந்தது. இவரும் போனார். கர்ணன் கவசத்தைக் கழற்றியபோது பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சிந்தினார், இவர் அவரிடம், "வயலின் பின்னாடி ஸ்பீக்கர்ல எப்படிய்யா வரும்?" என்று கேட்டார்.

யூடியூப்பில் சிலர் 'அன்னக்கிளி' பாட்டுகளை '5.1 ரீமாஸ்டர், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்' என்று ஏற்றிவைக்கிறார்கள். தமிழில் படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாகத் தொடங்கியதே 1978-ல் வந்த 'ப்ரியா'வில்தான் என்பார்கள். 1976-ல் ஒற்றைத் தடத்தில் வந்த 'அன்னக்கிளி'யை ஆறாகப் பிரித்து, கடைசியில் இரண்டு காதில் செருகிக் கேட்கச் சொல்கிறார்கள். இந்த இடத்தில் ஒரிஜினல்காரருக்கு வருகிற கோபத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிற மைத்துனர் மகன் ஒரு தீபாவளிக்கு லேப்டாப்போடு வந்தான். "மாமா, கண்ணை மூடிக்கங்க. ரெண்டு போடுறேன். எது பிளேட்டுன்னு சொல்லுங்க." சத்தம் இரண்டிலும் ஒரே அளவு. முதலாவது ஓடியது, உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதில் ஊசி உரசும் சரசரப்பு கேட்டதுமே முகம் மலர்ந்தது. "இதுதாண்டா! அந்த உசிரு தெரியுதா? வயலின் மூச்சு விடுறது தெரியுதா?" பையன் நமட்டுச் சிரிப்போடு திரையைத் திருப்பிக் காட்டினான். இரண்டும் ஒரே ரீமாஸ்டர். இரண்டாவதில் மட்டும் சரசரப்பைச் சாஃப்ட்வேரில் சேர்த்திருந்தான்.

அறையில் அப்போது வந்தது உண்மையான நிசப்தம். வீட்டம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா, உங்க மாமா சத்தத்தையே காணோம்?" என்றார்.

பையனுக்கே பாவமாகிவிட்டது. ஆறுதலுக்கு அமெரிக்கக் கதை ஒன்றைச் சொன்னான். மொபைல் ஃபிடெலிட்டி என்ற கம்பெனியின் பிளேட்டுகளை, மூல நாடாவிலிருந்து நேராக வெட்டியவை, நடுவில் டிஜிட்டல் கலப்பே கிடையாது என்று நம்பி, சிலதுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். நடுவில் டிஜிட்டல் படி ஒன்று பல வருடமாகவே இருந்தது என்பது 2022-ல்தான் அம்பலமானது. அதுவரை உலகத்திலுள்ள தங்கக் காதுக்காரர்கள் யாருக்கும் அது உறுத்தவில்லை.

"அதனால நீங்க வருத்தப்படாதீங்க மாமா."

"நான் எதுக்கு வருத்தப்படணும்? அவெய்ங்க காது ரீமாஸ்டர் காதுடா" என்றார்.

ரீமாஸ்டர் ஒழிந்தால் இவர் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கேசட் வந்த காலத்தில் வீட்டுக்கு வீடு பிளேட்டைப் பழைய பேப்பரோடு சேர்த்துக் கடைக்குப் போட்டார்கள். வெந்நீரில் முக்கி மடித்துப் பூந்தொட்டி பண்ணினவர்களும் உண்டு. அன்றைக்கு அதை ஒரிஜினல் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. டூப்ளிகேட் ஊரில் நடமாடினால்தானே ஒரிஜினலுக்கு மரியாதை? ரீமாஸ்டர் வந்த பிறகுதான் பீரோவில் கிடந்தது சொத்தாயிற்று. ரிட்டயர்டு ஆசாமி நிபுணரானார். ஒவ்வொரு புது ரீமாஸ்டரும் அவருக்குப் பதவி நீட்டிப்பு.

ஆகவே எந்த ரீமாஸ்டர் வந்தாலும் ஊரில் முதலில் கேட்பவர் அவர்தான். மகள் வாங்கிக் கொடுத்த காரவான் பெட்டி, 2017-ல் சரிகம கொண்டுவந்ததே, அது காலை காபியிலிருந்து ராத்திரி மாத்திரை வரைக்கும் பக்கத்திலேயே பாடிக்கொண்டிருக்கும். ஒப்பிடுவதற்காகத்தான் கேட்கிறாராம். பிளேட்டை எப்போது போடுவீர்கள் என்று கேட்டால் பதறிப்போவார்: "போடுறதா? ஒவ்வொரு தடவை ஊசி வைக்கும்போதும் தேயுமேப்பா!"

பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டம்மாவுக்குத்தான் தெரியும். காரவான் சார்ஜர் எங்கே என்று இவரிடம் கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வார்.