மார்கழியில் மட்டன் பிரியாணி

டிசம்பர் 25 மார்கழி ஒன்பதாம் தேதியில் வரும், இல்லாவிட்டால் பத்தாம் தேதியில் வரும். இந்தக் காலத்து எந்தக் காலண்டரைக் கிழித்துப் பார்த்தாலும் இதுதான் கணக்கு. நான்காம் நூற்றாண்டில் ரோமாபுரியில் இந்த நாளைப் பண்டிகையாக வைத்தவர்களுக்கு, பின்னாளில் மகாராஜபுரத்தில் ஒருத்தி அதே நாளில் அறுபது பேருக்குக் கறி எடுத்துப் படப்போகும் பாடு தெரிய நியாயமில்லை. தெரிந்திருந்தால் ஒரு மாதம் தள்ளித் தை பத்து என்று வைத்திருப்பார்கள். புது அரிசியும் வந்திருக்கும், மாலை போட்டவர்களும் கழற்றியிருப்பார்கள்.

எங்கள் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. சதுரகிரி ஏறப் போகிறவர்கள் தாணிப்பாறைக்கு எங்கள் ஊரைக் கடந்துதான் போவார்கள். ஆண்டாளின் ஸ்ரீவில்லிபுத்தூரும் தூரமில்லை. ஆகவே மார்கழி என்றால் இங்கே விளையாட்டில்லை. நாங்கள் விடியற்காலை ஆராதனைக்குப் பட்டுச்சேலை கட்டிக் கிளம்பும்போது கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கும். கோலம் போடுகிற பெண்கள் வாளியைத் தள்ளி வைத்து வழி விடுவார்கள். "மத்தியானம் எத்தன மணிக்குக்கா?" என்றும் கேட்டுவிடுவார்கள். அவர்களை நான் அழைத்திருக்க மாட்டேன். அழைக்காமலே வருவதுதான் இங்கே உரிமை.

குடும்பம் இரண்டு கிளை. 1854இல் ராக்லண்ட் என்ற கேம்பிரிட்ஜ் படிப்பாளி வடதிருநெல்வேலிச் சீமையில் கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்ல ஆரம்பித்தார். (அன்றைக்கு எங்கள் பக்கமெல்லாம் திருநெல்வேலி ஜில்லாதான்.) நான்கு வருஷத்தில் சிவகாசியிலேயே இறந்துபோனார். அவர் போட்ட பாதையில் பின்னால் வந்த ஏதோ ஓர் உபதேசியார் பேச்சைக் கேட்டு என் வீட்டுக்காரரின் பாட்டனார் வேதத்துக்கு வந்தார். அவருடைய தம்பி வரவில்லை. அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பிரித்தார்கள், சாமியைப் பிரித்தார்கள், சாப்பாட்டைப் பிரிக்க மட்டும் இருவருக்கும் மனம் வரவில்லை. அதன் பலனைத்தான் நான் அனுபவிக்கிறேன். ராக்லண்ட் கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஓரகத்தி, கொழுந்தன் வகையறாக்களைச் சமாளிப்பது பற்றி அவர் வழியில் ஆறுதல் தேடவும் முடியாது.

தம்பி கிளையில் கார்த்திகை முதல் தேதியே ஆண்கள் மாலை போட்டுவிடுவார்கள். மண்டல பூஜை டிசம்பர் கடைசி வாரத்தில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வரும். ஆக, எங்கள் பண்டிகையன்று அத்தனை பேரும் விரதத்தின் உச்சத்தில் நிற்பார்கள். மண்டலத்துக்குப் போகாதவர்கள் மகரவிளக்குக்காகத் தொடர்வார்கள். ஓரகத்தி மேல்மருவத்தூருக்குச் சிவப்புச் சேலை. அவள் மகன் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப் பச்சை வேட்டி. சிவப்பும் பச்சையும் வாசலில் சேர்ந்து நிற்கும்போது, தோரணத்துக்கென்று நான் தனியாகச் செலவே செய்ய வேண்டியதில்லை. ஐயப்பமார்களின் கறுப்புதான் ஸ்டாருக்கு ஒட்டாது.

என் சின்னக் கொழுந்தனை "தம்பி" என்று கூப்பிட்டே பழகிய வாய், அந்த நாட்களில் "சாமி" என்கிறது. அவர் பதிலுக்கு, சாமிமார் வழக்கப்படி, என்னை "மாளிகைப்புறம்" என்பார். நான் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர். எங்கள் போதகரான சேகரத்து ஐயர் பக்கத்தில் நின்றாலும் அவர் மாற்றிச் சொல்ல மாட்டார். ஐயரும் கேட்டுக்கொள்ளாத மாதிரி மலையைப் பார்ப்பார்.

2023 கிறிஸ்துமஸ் விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டார்: கறி, சைவம், சந்தேகம். மூன்றாவது கட்டம்தான் நிரம்பி வழிந்தது. துண்டு வேண்டாம், குழம்பு மட்டும் ஊற்றினால் போதும் என்கிற சைவம். முட்டை உண்டு, ஆனால் திங்கட்கிழமை கிடையாது என்கிற சைவம் (அந்த 25 திங்கட்கிழமை). "சாப்பாடெல்லாம் வேணாம், சும்மா முகத்தக் காட்டிட்டுப் போறோம்" என்று போனில் சொல்லி, முதல் பந்தியில் உட்காரும் வகை. அதற்கு ஒரு வாரம் முந்திப் பெய்த பேய்மழையில் தூத்துக்குடிச் சீமையே மூழ்கிக் கிடந்தது. என் பிறந்தவீட்டுக் கூட்டம் வரவில்லை. அவர்களுக்கு அரிசியும் போர்வையும்தான் இங்கிருந்து போயின.

சமையல் மாஸ்டரிடம் கணக்குக் கேட்டேன்.

"கிலோ அரிசிக்கு எத்தன பேர் அண்ணாச்சி?"

"கல்யாணம்னா பத்து பேரு. வீட்டு விசேஷம்னா எட்டு. வேதக்கார வீடுன்னா ஆறு போட்டுக்கங்க."

சீரகச் சம்பா என்று முடிவாயிற்று. பாசுமதி பேச்சை எடுத்த மதுரை மைத்துனரை மாஸ்டர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், அத்தோடு சரி. தென்னந்தோப்பில் மட்டைக்கும் பாளைக்கும் பஞ்சமில்லை. கொல்லையில் மூன்று கல் வைத்து அண்டா ஏறியது. தோட்டத்தின் மறுகோடியில், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, சாமிமார்களுக்குத் தனி அடுப்பு. வெளியில் கை நனைக்க மாட்டோம் என்றவர்கள், தாங்களே சமைத்தால் தோஷமில்லை என்ற சமாதானத்துக்கு வந்திருந்தார்கள். குருசாமி என் கொழுந்தன்தான். பாத்திரம், கரண்டி, உப்பு முதற்கொண்டு டிரம்மில் போட்டு எடுத்து வந்தார்.

விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள், கையில் பால்கோவாவோடு. மதுரையிலிருந்து வந்தாலும் சரி, தென்காசியிலிருந்து வந்தாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறித்தான் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் "வெறுங்கையோடவா போறது?" என்ற ஞானம் எல்லாருக்கும் ஒரே இடத்தில் உதிக்கும். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்த ஞானம் கூடிப்போயிற்று. பதினொரு மணிக்குள் ஒன்பது கிலோ சேர்ந்துவிட்டது. ஃபிரிட்ஜில் பாலுக்கு இடமில்லை, எல்லாம் பால்கோவா. பெட்டியைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொருவரும் "இது சுடச்சுடக் கிண்டினது" என்று ரகசியமாகச் சொன்னார்கள்.

ராஜபாளையத்து அத்தான் மட்டும் பால்கோவா வாங்கவில்லை. நாயைக் கொண்டுவந்தார். அவர் கையால் வைத்தாலொழியச் சாப்பிடாதாம். விட்டுவிட்டு வர மனமில்லை. அசல் ராஜபாளையம்: பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, ஒரு கன்றுக்குட்டி உயரம். 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இதுவும் அதில் ஒன்று. அத்தான் அந்தத் தபால்தலையின் படத்தைப் போனில் வைத்திருந்தார், சிபாரிசுக் கடிதம் மாதிரி. "கொல்லையில கட்டுறேன். ஒரு காக்கா அண்டாப் பக்கம் வராது" என்றார்.

காக்கை வரவில்லைதான். மாஸ்டரும் வர முடியவில்லை. தம் போட்டு, மூடிமேல் கங்கு அள்ளிப் பரப்பிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது அண்டா நாயின் பொறுப்பில் இருந்தது. ஓர் அடி எடுத்து வைத்தால் ஓர் உறுமல். "அத்தானக் கூப்பிடுங்க!" அத்தான் நாலு வீடு தள்ளி இருந்த தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். தேடிப் பிடிக்கலாம் என்றால் ஊர்ச் சாலையில் மறுநாள் பௌர்ணமிக்குச் சதுரகிரி போகிற வேன்கள் வரிசை கட்டி நின்றன. நாங்கள் எல்லாரும் அதட்டிப் பார்த்தோம், செல்லம் கொஞ்சிப் பார்த்தோம், ஐயர் கைதட்டிப் பார்த்தார். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தான் வந்து சொன்னபிறகுதான் விஷயம் விளங்கியது. இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காதவை உண்டாம்.

அவர் முன்னால் போய் நின்று கையைக் காட்டினார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு விலகியது. அதற்குள் பிரியாணி அடிபிடித்து, புகைநாற்றம் மேலே வரைக்கும் ஏறியிருந்தது. மாஸ்டர் மூடியைத் திறந்து, ஒரு வாய் அள்ளிப் போட்டு, ஒன்றும் சொல்லாமல் பீடி பற்றவைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று பலமாக வீசி, சாமிமார் பக்கமிருந்து பெருங்காயமும் முருங்கைக்காயும் கலந்த வாசம் வந்தது. முதலில் நழுவியவர் மதுரை மைத்துனர். "சும்மா ரசம் மட்டும்" என்று இலையைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு குழந்தைகள் அப்பளத்துக்கு. பிறகு "சந்தேகம்" கட்டத்தில் இருந்த அத்தனை பேரும் சந்தேகம் தீர்ந்து அந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள். சேகரத்து ஐயர் ஜெபம் பண்ணிவிட்டுக் கண் திறந்தபோது பிரியாணிப் பந்தியில் அவரும் என் மாமியாரும் மட்டும் மீதி. மாமியாருக்குப் பல் இல்லை. புகைநாற்றமும் தெரிவதில்லை. "நல்லாத்தானே இருக்கு" என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

குருசாமி முகம் சுளிக்காமல் பரிமாறினார். விரதத்தில் அன்னதானம் விசேஷம். கடைசியில் சரண கோஷம் சொல்லிச் சாமிமார்கள் இலை போட்டு உட்கார்ந்தபோது சாம்பார்ச் சட்டியில் கரண்டி தரையைத் தட்டியது. பன்னிரண்டு பேர், காலையிலிருந்து பட்டினி. அவர்கள் சாப்பிடக்கூடியதாக வீட்டில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

இலையில் பால்கோவாவை வைத்து, தொட்டுக்கொள்ள ஊறுகாய் கேட்டவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்பது கிலோவும் காலி.

பிறகு 2024 மாசியில் அந்தக் கிளையின் குலதெய்வக் கும்பிடு. சிவராத்திரி மார்ச் 8, மறுநாள் கிடா வெட்டு. எங்களுக்கோ பிப்ரவரி 14 சாம்பல் புதனிலேயே லெந்து நாட்கள் தொடங்கியிருந்தன. ஈஸ்டர் வரை வீட்டில் கறி கிடையாது. போகாமல் இருந்தால் பகை. போனோம். எங்களுக்கென்று கோயிலுக்குப் பின்பக்கம், காற்றுக்கு எதிர்த்திசையில், தனி அடுப்பு போட்டிருந்தார்கள். கொழுந்தன் மாலை கழற்றி, மீசை முறுக்கி, பழையபடி தம்பியாகியிருந்தார். ஒரு கையில் சாம்பார் வாளி, இன்னொரு கையில் நல்லியெலும்பு.

"உப்பு பாத்துச் சொல்லுங்க மதினி" என்றார். "எனக்கு இன்னைக்குச் சைவம் ஆகாது."