காசில்லாமல் வாங்கிய அடி

1859-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியக் கால்பந்துக்கு முதல் விதிகளை எழுதியவர்கள் கருணை உள்ளவர்கள். ஓடுகிறவனின் காலை இடறிவிடலாம், தள்ளிவிடலாம். கணைக்காலில் உதைப்பது மட்டும் கூடாது என்றார்கள். இடறுவதற்குப் பின்னாளில் தடை வந்தது. முழங்கை அதனால் மனம் தளர்ந்துவிடவில்லை.

மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் அமெச்சூர் கால்பந்துச் சங்கம் 1892 முதல் இருக்கிறது. அங்கே ஆடினால் சம்பளம் கிடையாது. வாரமெல்லாம் கணக்கெழுதியவரும் பல் பிடுங்கியவரும் சனிக்கிழமை பிற்பகலில் இலவசமாக மோதிக்கொள்வார்கள். அணிக்கு 18 பேர். அத்தனை பெரிய முட்டை வடிவ மைதானத்துக்கு ஒரு காலத்தில் ஒரே ஒரு கள நடுவர். பாவம், அவர் பந்தைப் பார்ப்பாரா, பந்தே இல்லாத மூலையில் விலாவில் இறங்கும் குத்தைப் பார்ப்பாரா?

பிறகு விசாரணை நடக்கும். அடித்தது யாரென்று அடிபட்டவருக்கே ஞாபகம் இருக்காது; அதுதான் மரபு, கண்ணியம். முப்பது வருடம் கழித்து அவரைக் கிளப்பில் பியரும் கையுமாக உட்காரவையுங்கள். அடித்தவன் பெயர், சட்டை எண், அன்றைக்குக் காற்றடித்த திசை எல்லாம் வந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தக் கதைகளில் முதல் அடி அடித்தவன் எப்போதும் எதிரணிக்காரன்தான்.