நனையாத அண்ணாச்சி

நாகர்கோவில் பக்கம் தெருவுக்கு ஒரு அருவி அண்ணாச்சி உண்டு. பென்ஷன் வாங்குகிறவராக இருப்பார். இல்லையென்றால் கடையை மகனிடம் விட்டவராக இருப்பார். காலையில் பேப்பர் வந்ததும் பங்குச்சந்தைக்காரர் விலைப்பட்டியல் பார்ப்பதுபோல் அணை நீர்மட்டம் பார்ப்பார். பேச்சிப்பாறை நிறைந்தால் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77. மகனின் பிளஸ் டூ மார்க் மறந்திருக்கும், இது மறக்காது.

"பேச்சிப்பாறை 42 தாண்டிட்டு. உபரித் தண்ணி திறந்தாம்னா திற்பரப்பு அருவில குளிக்க விடமாட்டான். இந்த ஞாயித்துக்கிழமையே போயிரணும் கேட்டியா!"

சென்னையிலிருந்து மகளும் மருமகனும் வந்திருந்தால் முடிந்தது கதை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற ஜில்லா இது. ஆகவே வருசத்தில் பெரும்பாலும் அவருக்கு சீசன்தான். "மாமா, குற்றாலம்?" என்று மாப்பிள்ளை வாய் தவறிக் கேட்டுவிட்டால், "அங்க அருவியா தெரியும்? ஆளுக தலையில்லா தெரியும்!" என்று அடைத்துவிடுவார்.

வேன் நேராக அருவிக்குப் போகாது. தக்கலை வந்ததும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கை காட்டுவார்: "கொட்டாரம் நம்ம மண்ணுல நிக்கு, சாவி கேரளாக்காரன் கையில!" மாத்தூர் தொட்டிப்பாலத்தில் கட்டாயம் இறக்குவார். பறளியாற்றின் மேலே 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குத் தண்ணீர் போகிறது. காமராஜர் காலத்துத் திட்டம், 1966-ல் முடிந்தது. தானே சிமென்டு சட்டி சுமந்ததுபோல் விளக்குவார். அப்போது அவர் ஒண்ணாங்கிளாஸ். பாலத்தின் நடுவில் நின்று பேரன் கீழே எட்டிப் பார்த்தால் இவருக்குத்தான் தலை சுற்றும்.

திற்பரப்பில் முதலில் மகாதேவர் கோயில். சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் ஒன்று. "சிவராத்திரிக்கு கோவிந்தா கோபாலான்னு பன்னிரண்டும் ஓடினவன்லா நான்!" என்பவர், அருவிக்கு இறங்கும் படிகளில் மூன்று இடத்தில் நின்று இயற்கையை ரசிப்பார். மூச்சு வாங்குகிறது என்று யாரும் சொல்லக் கூடாது. சாமி கும்பிட்டு முடிகிறவரை வேனில் இருக்கும் தூக்குவாளியைத் திறக்கவும் கூடாது. உள்ளே மயக்கின மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் புளிமுளமும். விடியுமுன்னே எழுந்து அதைச் செய்தது அவர் மனைவி, நம்ம மைனி. அதற்குப் பாராட்டு வாங்குவது அண்ணாச்சி.

கோதையாறு ஐம்பது அடி உயரத்திலிருந்து விழுகிறது. எல்லாரும் ஓடிப் போய்த் தலையைக் கொடுப்பார்கள். அண்ணாச்சி மட்டும் வேட்டியை மடித்துக் கட்டி, தெறிப்பு எட்டாத பாறை ஒன்றில் உட்கார்வார். மடியில் ஐந்து செல்போன், மூன்று வாட்ச், மகளின் சங்கிலி, மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி. அங்கிருந்தே ஆட்சி நடக்கும்.

"லேய் மக்கா, அந்தப் பாறை வழுக்கும்! ஓரமா நில்லு! பிள்ளே, தலையை நேரா குடுக்காதே, தோளுல வாங்கு!"

அடுத்த வேனில் வந்த நெய்யாற்றின்கரைக்காரருக்கும் மலையாளத்தில் இதே உத்தரவு போகும். அவரும் எதற்கு வம்பு என்று தோளில் வாங்கிக்கொள்வார். அண்ணாச்சியைக் கேலி செய்யலாம்தான். ஆனால் அவர் இல்லாமல் போன ஒரு குடும்பமாவது எல்லாச் செருப்போடும் திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மாப்பிள்ளை ஈரம் சொட்டச் சொட்ட வந்து கேட்டார்: "மாமா, நீங்க குளிக்கலையா?"

"நானா? வீட்டுலயே நல்லா வெந்நி போட்டுக் குளிச்சாச்சுல்லா!"

தலை துவட்டிக்கொண்டிருந்த மைனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒண்ணுல கிழங்கு, ஒண்ணுல கறி. வெந்நி போட மூணாவது அடுப்பு எங்க மாப்பிளே இருக்கு?"